கிளுவை ஆசிரியர் மயில்சாமியின் பகை

வேடப்பள்ளம் பேருந்து நிலையத்தில் மயில்சாமியை அவருடைய பத்திரிகையையே தின்ன வைத்தபோது சுற்றி நின்று பார்த்தவர்கள் முப்பத்தேழு பேர். எண்ணியது நான் இல்லை, மயில்சாமி. அந்த முப்பத்தேழில் நானும் ஒருவன்.

என் பெயர் கிருபாசங்கர். காரமடையிலிருந்து மேற்கே ஒன்பது கிலோமீட்டர் வந்தால் எங்கள் பேரூராட்சி. பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் கடைப் பலகையில் ‘மருந்து கடை’ என்றுதான் பெயிண்டர் எழுதியிருந்தான். கடை திறந்த மூன்றாம் நாள் டி.வி.எஸ். ஃபிப்டியில் ஒருவர் வந்து இறங்கினார். சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, என் ஸ்டூலை என்னைக் கேட்காமலே இழுத்துப் போட்டு ஏறி, நடுவில் ஒரு ‘க்’ போட்டுவிட்டு இறங்கினார்.

“ஒற்று இல்லாம மருந்து வித்தா, ஒடம்பு எப்படிங்க ஒத்துக்கும்?” என்றார்.

அதுதான் மயில்சாமி. ‘கிளுவை’ வாரப்பத்திரிகையின் ஆசிரியர். தோட்டத்து வேலிக்கு நடுகிற முள்மரத்தின் பெயரைத்தான் பத்திரிகைக்கு வைத்திருந்தார். நான்கே பக்கம், வெள்ளிக்கிழமை தவறாமல் வரும். படம் போட மாட்டார். படம் போட்டால் ஆட்கள் படத்துக்காகவே நல்லவர்களாகிவிடுவார்கள் என்பார். யார் கையிலும் டீ வாங்கிக் குடிக்க மாட்டார். தோளில் எப்போதும் ஒரு பிளாஸ்க் தொங்கும். கல்யாணத்துக்கு வருவார், வாழ்த்துவார், பந்தியில் மட்டும் உட்கார மாட்டார். டிபன் பாக்ஸைத் திறந்து, மண்டபத்து வாசலில் நின்றபடியே தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போவார். நாளைக்கு அந்த வீட்டைப் பற்றி எழுத வேண்டி வந்தால் தொண்டையில் அவர்கள் சோறு இருக்கக் கூடாதாம். ஊரே சிரிக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் ஊரே வாங்கிப் படிக்கும்.

அவருக்கு வலது கை அப்துல் வஹீது பாய். கோவை கோட்டைமேட்டில் பிறந்து, அங்கேயே ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கக் கற்றுக்கொண்டு, மயில்சாமியை நம்பி எங்கள் ஊருக்கு வந்தவர். பள்ளத்துத் தெருவில் ஒரு சின்ன இடத்தை வாங்கி வருஷத்துக்கு ஒரு சுவராக எழுப்பி வீடு கட்டினார். மயில்சாமி எழுதுவார், பாய் கோர்ப்பார். மயில்சாமி கத்துவார், பாய் கேட்டுக்கொள்வார்.

1999-ஆம் வருஷம் பேரூராட்சித் தலைவராக இருந்தவர் வெள்ளிங்கிரி. தோட்டம், கோழிப்பண்ணை, லாரி எல்லாம் உள்ளவர். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வேலைக்காரனைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். அந்த வருஷம் அவர் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். ஊருக்குப் பெயர் கொடுத்த பள்ளத்தின் ஓரத்தை மண் கொட்டி மூடி அதன் மேல் கட்டினார். மழைக்காலத்தில் தண்ணீர் போகிற வழி அது. மயில்சாமி இதை முதல் பக்கத்தில் எழுதினார். ‘தலைவர் தண்ணீருக்கு வழி மறித்தார், தண்ணீர் ஒருநாள் தலைவருக்கு வழி மறிக்கும்’ என்று தலைப்பு.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மயில்சாமி பேருந்து நிலையத்தில் கட்டைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். ஒரு ஜீப் வந்து நின்றது. வெள்ளிங்கிரி இறங்கினார், கூடவே இரண்டு பேர். ஒரு பிரதியை எடுத்து நின்றபடியே முழுவதும் படித்தார்.

“ஏனுங்க மயில்சாமி, இத நீங்களேதான் எழுதுனீங்களா?”

“ஆமாங்க. தப்பிருந்தாச் சொல்லுங்க, மறுப்புப் போடறேன்.”

“தப்பெல்லாம் இல்லீங்க, ருசியா எழுதியிருக்கறீங்க. சித்த சாப்பிட்டுப் பாருங்க.”

அந்த இரண்டு பேரும் மயில்சாமியின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். வெள்ளிங்கிரி காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி ஊட்டினார். “மெல்லுங்க கண்ணு, அவசரமில்லை” என்றார். மயில்சாமி துப்பினால் துப்பியதை எடுத்துத் திரும்ப வாயில் வைத்தார். முதல் பக்கம் முழுவதும் உள்ளே போகும் வரை விடவில்லை. பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு, “வாரனுங்க” என்று எங்கள் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எங்களில் சிலர் பதிலுக்குக் கும்பிட்டோம்.

ஓடி வந்தது வஹீது பாய் ஒருவர்தான். குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்து வாயைக் கழுவிவிட்டார். மயில்சாமியின் உதடு, பல், நாக்கு எல்லாம் மையால் கறுத்திருந்தன. அவர் பாயைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார். ஒவ்வொருவராக, நிதானமாக. எண்ணுகிறார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போலீசில் புகார் கொடுத்தார். சாட்சி கேட்டார்கள். மாலையில் என் கடைக்கு வந்தார்.

“நீங்க பாத்தீங்கல்லங்க?”

“நான் உள்ளாற ஸ்டாக் எடுத்துட்டு இருந்தனுங்க. சத்தந்தான் கேட்டுச்சு” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். வஹீது பாய் மட்டும் சாட்சி சொன்னார். அவரிடமே சம்பளம் வாங்குகிறவர் சாட்சி எப்படிச் செல்லும்? புகார் அப்படியே கிடந்து செத்தது.

அதற்கப்புறம் ‘கிளுவை’ வேறு பத்திரிகை ஆகிவிட்டது. மயில்சாமி முப்பத்தேழு பேரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொருவராக எடுத்தார். டீக்கடைக்காரர் புளியங்கொட்டைத் தூள் கலப்பது, பள்ளி ஆசிரியர் வகுப்பை விட்டுவிட்டு வட்டிக்கடையில் உட்கார்ந்திருப்பது, பஸ் ஏஜென்ட் இரண்டு குடும்பம் நடத்துவது. என் முறை நான்காம் வருஷம் வந்தது. காலாவதியான இருமல் டானிக்கில் தேதியை அழித்து விற்றேன் என்று எழுதினார். உண்மைதான். ஆறு பாட்டில். அவர் எழுதியதில் ஒரு வரி பொய்யாக இருந்திருந்தால் நாங்கள் கேஸ் போட்டிருப்போம். பஸ் ஏஜென்ட்டின் மனைவி விஷம் குடித்து மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தாள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் பத்திரிகை வந்தது. அதில் அடுத்த ஆள்.

அவர் மனைவி ரங்கநாயகி ஒருநாள் என் கடைக்குத் தைலம் வாங்க வந்தபோது, மெதுவாகச் சொன்னார். “தூக்கத்துல வாயி மென்னுட்டே இருக்குதுங்க. எழுப்பிக் கேட்டா, ஒண்ணுமில்லேன்னு சொல்றாரு.”

முப்பத்தேழு பேரும் அடிபட்டோம். வெள்ளிங்கிரி மட்டும் படவில்லை. எதை எழுதினாலும் அவர் மேல் ஒட்டவில்லை. மண்டபத்தில் முகூர்த்த நாள்தோறும் நாதஸ்வரம் கேட்டது. பேனாவால் முடியாது என்று மயில்சாமிக்குப் புரிய பன்னிரண்டு வருஷம் ஆனது. 2011-இல் தலைவர் பதவிக்கு நின்றார். ஓட்டுக் கேட்டுப் போன வீட்டிலெல்லாம், “அன்னிக்கு நீங்க நின்னீங்களா, இல்லியா?” என்று கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு விழுந்தது.

2022-இல் மறுபடி தேர்தல் வந்தது. இந்தமுறை ஒன்பதாவது வார்டு கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றார். பள்ளத்துத் தெரு அந்த வார்டில்தான் வருகிறது. மயில்சாமியை வாயைத் திறக்கவே விடாமல் வஹீது பாயே வீடு வீடாகப் போனார். “அண்ணன் பேச்சு முள்ளுங்க, மனசு நல்ல மனசு. நம்ம தெருவுக்குக் கழிவுநீர்ச் சாக்கடை வேணுமுன்னா இவருதான் சரி” என்றார். பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் மயில்சாமி ஜெயித்தார்.

அவருடைய அதிர்ஷ்டம், மன்றத்தில் பதினைந்து பேரில் ஏழு பேர் ஒரு பக்கம், ஏழு பேர் இன்னொரு பக்கம். இந்தமுறை தலைவரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளிங்கிரிக்கு, கவுன்சிலராக ஜெயித்திருந்த தன் மருமகள் மோகனப்பிரியாவைத் தலைவர் ஆக்க வேண்டும். எழுபத்தாறு வயதில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மயில்சாமி வீட்டுக்கே வந்தார். நடந்ததை ரங்கநாயகி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“துணைத்தலைவரா நீங்களே இருங்க. பழசெல்லாம் இன்னமும் மனசுல வெச்சுட்டிருக்க வேண்டாமுங்க.”

மயில்சாமி உட்காரச் சொல்லவில்லை. “இருபத்திமூணு வருசமா இந்த வாசலுக்கு நீங்க வருவீங்கன்னு காத்திருந்தனுங்க. வந்துட்டீங்க. போலாம்” என்றார்.

எதிர்ப்பக்கத்துக்கு ஓட்டுப் போட்டார். பதவி கேட்கவில்லை. ஒரே ஒரு தீர்மானம் கேட்டார். பள்ளத்துப் புறம்போக்கை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும். தீர்மானம் நிறைவேறியது. அந்தக் காகிதத்தை வைத்து நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அளந்து அறிக்கை தரும்படி உத்தரவும் வாங்கினார். அந்த மாதங்களில் அவரைப் பார்த்தால் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. டி.வி.எஸ்.ஸில் பாடிக்கொண்டே போவார். என்னிடம்கூட நின்று பேசினார்.

சர்வேயர் அளந்து முடித்த அன்று நேராக மயில்சாமி வீட்டுக்கு வந்தார். வயதானவர், இரக்கமுள்ளவர். வரைபடத்தை மேசையில் விரித்தார். மோர் கொண்டுவந்த ரங்கநாயகி பக்கத்திலேயே நின்றார்.

“மண்டபம் மட்டும் இல்லீங்க. பள்ளத்துத் தெருவுல முப்பத்தோரு ஊடும் கோட்டுக்கு உள்ளாற வருது. பழைய பட்டா செல்லாது. நீங்க மனுவ வாபஸ் வாங்குனா இப்பவே இத நிறுத்திப்போடலாம். அறிக்கை போயிருச்சுன்னா அப்புறம் யார் கையிலும் இல்லீங்க.”

மயில்சாமி விரலால் வரைபடத்தைத் தடவினார். பதினெட்டாம் எண் வஹீது பாயின் வீடு.

“மண்டபம் முழுசா வருதுங்களா? மூலை எதுவும் தப்பாதே?”

“முழுசா வருதுங்க.”

“அப்ப அனுப்புங்க.”

சர்வேயர் போனதும் ரங்கநாயகி, “ஏனுங்க, பாய் ஊடுங்க அது” என்றார்.

“அவனுக்கு நான் வேற ஊடு கட்டித் தாரேன். நீ உள்ள போ.”

வரைபடத்தின் நகலை மடித்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். இரண்டு மாதம் கழித்து பள்ளத்துத் தெருச் சுவர்களில் சிவப்பு பெயிண்டில் எண் போட்டார்கள். வஹீது பாய் ஓடிவந்தார்.

“அண்ணா, எங்க ஊட்டுலயும் எழுதிட்டாங்க. உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமுங்களா?”

“எனக்கு எப்படிடா தெரியும்? நான் மண்டபத்துக்குத்தான் மனுப் போட்டேன்” என்றார் மயில்சாமி.

பாய் நம்பினார். இருபத்தெட்டு வருஷமாக மயில்சாமியின் வாயிலிருந்து ஒரு பொய் அவர் கேட்டதில்லை.

2023 ஜூன் மாதம் ஜே.சி.பி. வந்தது. முதலில் மண்டபம் என்று மயில்சாமி கறாராகச் சொல்லி வாங்கியிருந்தார். ஊரே திரண்டிருந்தது. முன்வரிசையில் மயில்சாமி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். வெள்ளிங்கிரி எதிரே மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணமேடைப் பக்கத்துச் சுவர் சரிந்து விழுந்தபோது மயில்சாமியின் தாடை ஒருமுறை இறுகித் தளர்ந்தது. மெல்ல வெள்ளிங்கிரியிடம் நடந்து போனார்.

“எப்படிங்க இருக்குது ருசி?” என்று கேட்டார். அதைக் கேட்கத்தான் இத்தனை வருஷமும் உயிரோடு இருந்தார் என்று நினைக்கிறேன்.

வெள்ளிங்கிரி அண்ணாந்து பார்த்தார். அதே மெல்லிய குரல். “எனக்கு இது ஒரு மண்டபமுங்க. போன வருசமே பைபாஸ்ல பெருசா ஒண்ணு ஆரம்பிச்சாச்சு. இனி மதியம் அந்தத் தெருவ இடிப்பாங்க. அதையும் நின்னு பாத்துட்டுப் போங்க மயில்சாமி. பாதியில போயிராதீங்க.”

மயில்சாமி மதியம் நிற்கவில்லை. நான் நின்றேன். ஒருமுறை பார்த்துக்கொண்டு நின்றவன்தானே என்று என்னையே திட்டிக்கொண்டு, கடையை அடைத்துவிட்டுப் போய் லாரியில் சாமான் ஏற்றினேன். பதினெட்டாம் எண் வீட்டில் கடைசியாக வெளியே வந்தது ஒரு தையல் மெஷின். பாயின் மகள் இஸ்மத்துடையது. அதை நானும் பாயும் தூக்கினோம். முப்பத்தோரு குடும்பத்துக்கும் சிங்காநல்லூர்ப் பக்கம் அடுக்குமாடியில் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்.

லாரி கிளம்பும் நேரத்தில் ரங்கநாயகி வேகவேகமாக நடந்து வந்தார். டிராயர் சாவியை எப்படி எடுத்தாரோ தெரியாது. மடித்த காகிதத்தைப் பாயின் கையில் வைத்து, சர்வேயர் வந்த அன்று பேசியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

“தேதியப் பாருங்க தம்பி. உங்களுக்குத் துரோகம் பண்ணுன ஊட்டுல இனி என்னால சோறாக்க முடியாது” என்றார். அன்றே காரமடையில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பாய் லாரியின் நிழலில் நின்று அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “கிருபா சார், இன்னிக்கு என்ன கிழமைங்க?” என்று கேட்டார்.

“செவ்வாய்.”

“ரண்டு நாள் இருக்குது” என்றார்.

குடும்பத்தை அனுப்பிவிட்டு அவர் ‘கிளுவை’ அலுவலகத்துக்குத்தான் போனார். மயில்சாமி தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். அந்த வாரம் எதுவும் எழுதித் தரவில்லை. எழுத்துக் கோர்ப்பது கம்ப்யூட்டருக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பக்கம் செய்வது, கோவை அச்சகத்துக்கு அனுப்புவது, கட்டு வாங்கி வருவது எல்லாம் பாய்தான். ஆசிரியர் பார்த்தாரா என்று அச்சகத்தில் யாரும் கேட்கவில்லை. இதுவரை கேட்கத் தேவை இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ‘கிளுவை’ வந்தது. முதல் பக்கத்தில் ‘ஆசிரியருக்குத் தெரியும்’ என்று தலைப்பு. அத்தனை வருஷமும் அடுத்தவர் எழுத்தைக் கோர்த்தவர் முதல்முறையாகத் தன் எழுத்தைக் கோர்த்திருந்தார். வசவு ஒரு வார்த்தை கிடையாது. சர்வேயர் வந்த தேதி, அவர் சொன்னது, மயில்சாமி கேட்ட கேள்வி, சொன்ன பதில். அதற்குக் கீழே பாய் கேட்டது, மயில்சாமி சொன்ன பொய். நான்காம் பக்கத்தில் முதன்முறையாக ஒரு படம், அந்த வரைபடம். நடுவில் இரண்டு பக்கமும் முப்பத்தோரு வீட்டுக்காரர்களின் பெயர், எண், எத்தனை வருஷம் குடியிருந்தார்கள், யாருக்கு ஓட்டுப் போட்டார்கள். ஓட்டு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான், மயில்சாமிக்கு. முடிவில் இரண்டு வரி: ‘1999-இல் ஆசிரியரின் வாயைக் கழுவியவன் நான். அந்தத் தண்ணீரைத் திரும்பக் கேட்கிறேன். - அப்துல் வஹீது.’

அன்று ஊரே அதைத்தான் படித்தது. எங்களில் சிலருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது, பொய் சொல்வானேன். பஸ் ஏஜென்ட் பத்துப் பிரதி வாங்கினான். வெள்ளிங்கிரி ஒன்று வாங்கிவரச் சொல்லி, கண்ணாடி போட்டுப் படித்தார் என்று கேள்வி.

பதினோரு மணிக்கு மயில்சாமி வந்தார். டி.வி.எஸ். இல்லை. நடந்து வந்தார். என் கடைப் படியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஒரு பிழை இல்ல கிருபா” என்றார்.

“இல்லீங்க.”

“எனக்கு வலிக்கணும்னு எழுதியிருக்கறான். எங்க அடிச்சா வலிக்குமுன்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.” பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “தண்ணி குடுங்க” என்றார். முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் வாங்கிக் குடித்த முதல் தண்ணீர். குடித்து முடித்து டம்ளரைப் படியில் வைத்தார்.

அடுத்த வாரம் சிங்காநல்லூர் போனார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது மாடி. இஸ்மத் கதவைத் திறந்து, எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பினாள். பாய் வந்து கதவில் கை வைத்தபடியே நின்றார்.

“வஹீது, நான் கும்பிட்டுக் கேக்கறேன்...”

“வேண்டாமுங்க. நான் கோவத்துல எழுதல. ஒவ்வொரு எழுத்தா பாத்துப் பாத்துத்தான் வெச்சேன். நீங்க இன்னிக்குச் சங்கடப்படறதப் பாக்க எனக்குச் சந்தோசமா இருக்குது. இதுக்கு மேல நின்னீங்கன்னா அந்தச் சந்தோசம் போயிருமோன்னு பயமா இருக்குது. போயிருங்க.”

கதவு சாத்திக்கொண்டது.

‘கிளுவை’ அத்தோடு நின்றுபோனது. கவுன்சிலர் பதவியை அவர் விடவில்லை. விட்டுவிட்டு வீட்டில் அழுதுகொண்டு கிடப்பார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று ஒன்றையே கேட்டார். முப்பத்தோரு குடும்பத்துக்கும் ஊருக்குள் ஆளுக்கு மூன்று சென்ட் இடம். பழைய சந்தை மைதானத்துக்குப் பின்னால் அரசு நிலம் இருந்தது. தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகம், கோர்ட் என்று அலைந்தார். அவர் பக்கத்து ஏழு பேரில் ஒருவர் பின்வாங்கிவிட்டதால், தீர்மானத்துக்கு எட்டாவது ஓட்டு வேண்டியிருந்தது. அதற்கு மோகனப்பிரியாவிடம் போனார். அதாவது, வெள்ளிங்கிரியின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

வெள்ளிங்கிரி அப்போது படுக்கையில் கிடந்தார். துணைக்குப் போன என்னையும் சேர்த்து முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு உள்ளிருந்து அந்த மெல்லிய குரல், “குடுத்து அனுப்பு அம்மணி” என்று மருமகளிடம் சொன்னது எனக்கே கேட்டது. ஓட்டுக் கிடைத்தது. திரும்பி வரும்போது மயில்சாமி சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தார்.

2025 மார்ச்சில் பட்டா கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு இன்னும் ஏதோ சிக்கலாம், அதற்கு இப்போதும் அலைந்துகொண்டிருக்கிறார். பத்தொன்பது பேருக்குக் கிடைத்தது. அதில் வஹீது பாயும் ஒருவர். பேரூராட்சி அலுவலகத்துக்கு மகளோடு வந்தார். கையெழுத்துப் போட்டார். காகிதத்தை மேலிருந்து கீழ் வரை படித்தார். மயில்சாமி நான்கடி தள்ளிச் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பாய் அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். காற்றைத் தாண்டுவது மாதிரி தாண்டிப் போனார். இஸ்மத் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

நானும் மயில்சாமியும் வாசலுக்கு வந்தபோது சிங்காநல்லூர் போவதற்காகக் கோவை பஸ்ஸில் அவர்கள் ஏறிவிட்டிருந்தார்கள்.

“கூப்பிடட்டுங்களா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். ஊடு கட்டுவான், இங்கயே வந்து குடியிருப்பான், தெனமும் எதுத்தாப்புல வருவான். ஆனா பேச மாட்டான். அந்த மாதிரி ஆளுக எப்படீன்னு எனக்குத் தெரியாதா கிருபா?” என்றார் மயில்சாமி.